முதல் ஒரு நிமிடத்துக்கான ஜாக்கெட்

கேள்வி இதுதான். வசந்த காலத் தொடக்கத்தில், பனி உருகி அதிக நாளாகாத ஒரு பெரிய ஏரியில், சிறிய எஞ்சின் படகில் இரண்டு பேர் மீன்பிடிக்கப் போகிறார்கள். கேட்டவர் நன்றாக நீந்துவார். கூட வருபவருக்கு நீச்சல் அவ்வளவாக வராது. உள்ளே ஃபோம் வைத்துத் தைத்த லைஃப் ஜாக்கெட்டை வாங்குவதா, கழுத்தில் பட்டைபோல் கிடந்து தேவைப்படும்போது வாயு நிரம்பி உப்பும் வகையை வாங்குவதா? எந்நேரமும் போட்டிருக்க வேண்டுமா, கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தால் போதாதா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை பாதி அவிழ்ந்துவிடும்.

குளிர்ந்த நீரில் விழுந்தவர் உடல் விறைத்துச் சாவதாகத்தான் பலரும் நினைத்திருக்கிறோம். அது மெதுவாக நடக்கிற காரியம். ஐந்து டிகிரி தண்ணீரில்கூட, வளர்ந்த ஒருவரின் உள்ளுடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க அரை மணி நேரத்துக்கு மேலாகும். பெரும்பாலானவர்கள் அந்தக் கட்டம் வரை போவதே இல்லை. அதற்கு வெகு முன்பே மூழ்கிவிடுகிறார்கள். தோல் திடீரென்று குளிர்ந்ததும் உடல் நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை உள்ளிழுக்கும். அந்த நொடியில் வாய் நீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர் போகும். பிறகு ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும், இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் எகிறும். இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறார்கள். 10 முதல் 15 டிகிரி வரையுள்ள நீரிலேயே இது உச்சத்தைத் தொட்டுவிடும். ஆகவே, ‘உறையும் அளவுக்கு இல்லையே’ என்று ஆறுதல் கொள்ள இடமில்லை.

கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார். மூச்சை வசப்படுத்த ஒரு நிமிடம். கையும் காலும் சொன்னபடி கேட்கும் நேரம் பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கடைசி ஒரு மணி நேரம் மிதந்துகொண்டிருப்பவருக்கு மட்டுமே உரியது என்பதுதான். மிதவை இல்லாதவருக்கு முதல் ஒரு நிமிடமும் நடுவிலுள்ள பத்து நிமிடமும்தான் கணக்கு. நன்றாக நீந்துகிறவர்கூட அந்தப் பத்து நிமிடத்துக்குள் விரல்களை மடக்க முடியாமல், கையை நீருக்கு மேலே தூக்க முடியாமல் செங்குத்தாக நின்றுவிடுவார். கை கால் தசைகளும் நரம்புகளும் குளிர்ந்து வேலை செய்யாமல் போவதுதான் காரணம். வெதுவெதுப்பான நீச்சல் குளத்தில் ஒரு கிலோமீட்டர் நீந்துவது இதற்கு ஒரு தகுதியே அல்ல.

இப்போது, இருக்கைக்கு அடியில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய படகிலிருந்து மனிதர்கள் எப்படி விழுகிறார்கள்? பெரும்பாலும் புயலில் அல்ல. கைவலையை நீட்டி மீனை அள்ளும்போது, சிக்கிய நங்கூரத்தை இழுக்கும்போது, எழுந்து நின்று சிறுநீர் கழிக்கும்போது, இருவரும் ஒரே பக்கம் சாயும்போது. அறிவிப்பு எதுவும் வராது. படகு காற்றில் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்படியே ஜாக்கெட் கையில் கிடைத்தாலும், மூச்சிரைக்க, விறைத்த விரல்களோடு, நீருக்குள் அதை மாட்டிப் பக்கிளைப் பூட்டுவது ஏறக்குறைய முடியாத வேலை. நம்பிக்கை இல்லையென்றால் கோடைகாலத்தில் ஆழமில்லாத, சூடான தண்ணீரில், பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். நான் செய்து பார்த்தேன். தண்ணீர் சூடாக இருந்தும், உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லாதிருந்தும், ஒரு கையை நுழைக்கவே பெரும்பாடாகிவிட்டது.

அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஆண்டுதோறும் வெளியிடும் படகு விபத்து அறிக்கைகளிலும் கதை மாறுவதில்லை: இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் மூழ்கி இறந்தவர்கள், அப்படி மூழ்கியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் லைஃப் ஜாக்கெட் அணியாதவர்கள். பழைய கதை ஒன்றும் உண்டு. 1861 பிப்ரவரி 9 அன்று இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில், புயலில் சிக்கிய கப்பல்களுக்காக ஒரே நாளில் பலமுறை கடலுக்குப் போய்வந்த மீட்புப் படகு கடைசியில் கவிழ்ந்தது. படகிலிருந்த 13 பேரில் 12 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமேன் ஒருவர்தான்; அப்போது புதிதாக வந்திருந்த தக்கை ஜாக்கெட்டை அணிந்திருந்தவரும் அவர் ஒருவர்தான்.

எனவே, கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். கரைக்குத் திரும்பி, இரண்டு காலையும் நிலத்தில் வைத்த பிறகு கழற்றுங்கள். எதை வாங்குவது என்பது ‘எட்டு மணி நேரம் கழற்றாமல் என்னால் எதைப் போட்டிருக்க முடியும்’ என்ற கேள்வியிலிருந்து பிறக்க வேண்டும். கடையில் கண்ணாடி முன் நின்று பார்க்காதீர்கள். தூண்டிலை வீசுவதுபோல் கையைச் சுழற்றுங்கள், உட்கார்ந்து குனியுங்கள், எஞ்சின் கயிற்றை இழுப்பதுபோல் இழுத்துப் பாருங்கள்.

அடுத்து, உள்பக்க லேபிளில் இருக்கும் எண். 50, 100, 150, 275 என்று நியூட்டனில் குறித்திருப்பார்கள். பத்து நியூட்டன் என்பது ஏறத்தாழ ஒரு கிலோ தூக்கும் திறன். நீருக்குள் மனித உடலின் எடை மூன்று முதல் ஐந்து கிலோ வரைதான் இருக்கும். அப்படியானால் 50 நியூட்டனே போதுமே என்று தோன்றும். மிதப்பதற்குப் போதும். ஆனால் அலைக்கு மேலே வாயை உயர்த்திப் பிடிக்கவும், நினைவிழந்து குப்புறக் கிடப்பவரை மல்லாக்கப் புரட்டவும் போதாது. 50 என்பது நீச்சல் தெரிந்தவர், கரைக்கு அருகில், உதவி பக்கத்திலேயே இருக்கும்போது அணிவதற்கானது. துடுப்புப் படகுக்காரர்கள் விரும்புவது அதைத்தான். 100 அமைதியான நீர்நிலைகளுக்கு. கனத்த உடையோடு குளிர்ந்த திறந்த நீரில் மீன்பிடிப்பவருக்கு நான் 150-க்குக் கீழே பரிந்துரைப்பதில்லை. வட அமெரிக்காவின் புதிய லேபிள்களில் 70 என்ற எண்ணும் வரும். அங்கே எண்ணைவிட அருகிலுள்ள படத்தைப் பாருங்கள். மனித உருவத்தைச் சுற்றி வளைந்த அம்புக்குறி இருந்தால் அந்த ஜாக்கெட் முகத்தை மேலே திருப்ப முயலும்; அதன் மேல் குறுக்குக்கோடு இருந்தால் அப்படித் திருப்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

முகத்தைத் திருப்பும் இந்தத் திறன் எங்கிருந்து வந்தது என்பது சுவையான விஷயம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படைக்காக ஆய்வு செய்த எட்கர் பாஸ்க் என்ற மயக்கவியல் மருத்துவர், தமக்கே மயக்க மருந்து கொடுக்கச் செய்து, முழுவதும் நினைவிழந்த நிலையில், வெவ்வேறு ஜாக்கெட்டுகளோடு தம்மை நீச்சல் குளத்தில் இறக்கச் சொன்னார். நினைவோடு இருக்கும் தன்னார்வலர் தம்மை அறியாமலே உடலைச் சரிசெய்துகொள்வார் என்பதால் அவரை வைத்துச் சோதித்துப் பயனில்லை என்று அவர் புரிந்துவைத்திருந்தார். நன்றாக நீந்தும் நீங்கள் குளத்தில் குதித்துப் பார்த்து ‘அருமையாக மிதக்கிறேன்’ என்று சொல்வதும் அதே காரணத்தால் முழுச் சோதனை ஆகாது.

இனி ஃபோமா, வாயுவா? ஃபோமுக்கு இயந்திரம் கிடையாது, ஆகவே அதில் பழுதாகவும் எதுவும் கிடையாது. விழுந்த நொடியிலேயே அது தன் வேலையைத் தொடங்கிவிடும். நெஞ்சையும் முதுகையும் மூடியிருப்பதால் காற்றிலும் நீரிலும் கொஞ்சம் வெப்பத்தைக் காக்கும். விழும்போது படகின் விளிம்பில் விலா மோதினால் மெத்தையாகவும் உதவும். தூண்டில் முள் குத்தினாலும் ஒன்றும் ஆகாது. குறை ஒன்றுதான்: பருமன். வெயில் ஏறியதும் கழற்றத் தோன்றும். கழற்றிய ஜாக்கெட் உட்காரும் மெத்தையாகிவிடும். மெத்தையான ஃபோம் அமுங்கி அமுங்கித் தன் மிதக்கும் திறனை இழக்கும். இதை நான் அடுத்தவரைப் பார்த்துச் சொல்லவில்லை. என் முதல் ஜாக்கெட்டின் மேல் மூன்று பருவம் உட்கார்ந்திருந்தேன்.

வாயு நிரம்பும் வகை நேர்மாறானது. மடித்த நிலையில் இருப்பதே தெரியாது. கை வீச்சுக்குத் தடை இல்லை. உப்பியதும் முகத்தைத் திருப்புவதில் பெரும்பாலான ஃபோம் ஜாக்கெட்டுகளைவிட வலுவானது. ஆனால் அது ஒரு கருவி. அழுத்தப்பட்ட கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், அதைத் துளைக்கும் ஊசி, அந்த ஊசியைத் தூண்டும் அமைப்பு, வாயுவைத் தாங்கும் பை என்று நான்கும் ஒழுங்காக இருந்தால்தான் வேலை நடக்கும். கையால் இழுத்தால் மட்டுமே உப்பும் மாதிரிகள் மலிவாகக் கிடைக்கும். குளிர்ந்த நீருக்கு அவை வேண்டாம். தலையில் அடிபட்டவரோ மூச்சிரைத்துத் தவிப்பவரோ பிடியைத் தேடி இழுப்பார் என்று நம்புவது, இருக்கைக்கு அடியில் ஜாக்கெட்டை வைப்பதற்குக் கொஞ்சமும் குறைந்த சூதாட்டமல்ல. தானாக உப்பும் வகையையே வாங்குங்கள்.

அதிலும் இரண்டு உண்டு. ஒன்றில், நீரில் கரையும் மாத்திரையோ காகித வளையமோ ஒரு சுருள்வில்லைப் பிடித்துவைத்திருக்கும். அது கரைந்ததும் ஊசி பாயும். மலிவானது, பழுது பார்ப்பது எளிது. ஆனால் தொடர் மழையிலும் ஓயாத நீர்த்தெறிப்பிலும் சில நேரம் வீணாக வெடித்து உங்களை மிரட்டும். மற்றொன்று, சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்தின் நீர் அழுத்தத்தால் மட்டும் தூண்டப்படுவது. மழைக்கு அசையாது, விலை கூடுதல். எப்போதும் நனைந்துகொண்டே பயணிக்கும் திறந்த படகு என்றால் இந்தக் கூடுதல் செலவு தகும்.

வாயு வகை பொருந்தாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் நாட்களில் குளிர்ந்த சிலிண்டரிலிருந்து வாயு மெதுவாக வரும், பையும் முழுதாக நிரம்பாமல் போகலாம். உறைபனி நாளில் ஃபோம்தான். நீச்சல் தெரியாதவருக்கும் ஃபோம்தான், ஏனென்றால் உப்பும் வரையிலான சில வினாடிகள் அவருக்கு நீண்டவை. குழந்தைகளுக்கு ஒருபோதும் வாயு வகை வேண்டாம். அவர்களின் எடைக்கென்று குறித்த, கழுத்துப் பட்டையும் தூக்கிப் பிடிக்கும் கைப்பிடியும் உள்ள ஃபோம் ஜாக்கெட்டே வேண்டும். ‘வளர்ந்ததும் சரியாகிவிடும்’ என்று பெரிய அளவை வாங்கினால் குழந்தை அதிலிருந்து நழுவிவிடும்.

ஆக, உங்கள் படகுக்கு என் தீர்ப்பு: உங்களுக்கு 150 நியூட்டன், தானாக உப்பும் வகை. உங்கள் நண்பருக்கு ஃபோம், அதுவும் முகத்தைத் திருப்பக்கூடியது. உறைபனி இருக்கும் காலைகளில் இருவருக்குமே ஃபோம்.

மிதக்கும் கோட், மிதக்கும் முழு உடை என்று விற்கிறார்களே, அவை எப்படி என்று அடுத்துக் கேட்பீர்கள். குளிர் காப்பதற்கு அவை மிக நல்லவை. நான் விரும்பி அணிபவை. ஆனால் அவற்றில் பலவும் 50 நியூட்டன் தரத்தில் உள்ளவை; மிதக்கவைக்கும், புரட்டாது. மேலே வாயு ஜாக்கெட்டையும் அணியலாம் என்றாலும், உடைக்குள் தேங்கும் காற்று கால்களையும் முதுகையும் தூக்கி, ஜாக்கெட் உங்களைத் திருப்புவதைத் தடுக்கக்கூடும். அதனால்தான் கனத்த உடைக்காரர்களுக்கு 275 நியூட்டன் ஜாக்கெட் இருக்கிறது. மார்பு வரை வரும் ரப்பர் காற்சட்டையில் நீர் புகுந்தால் அது கல்லைப்போல் கீழே இழுக்கும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. உள்ளே போகும் நீருக்கு வெளியே இருக்கும் நீரைவிடக் கூடுதல் எடை கிடையாது, அது இழுக்காது. ஆனால் நீந்த விடாது, படகில் ஏறவும் விடாது. படகில் அதை அணிவதைத் தவிர்ப்பதே நல்லது. அணிந்தே ஆகவேண்டுமென்றால் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுங்கள்.

அணியும் விதத்தில் ஒரு தவறு கொடியது: வாயு ஜாக்கெட்டின் மேல் மழைக்கோட்டைப் போட்டு ஜிப்பை மூடுவது. உப்பும்போது கோட் கிழியாது. நெஞ்சும் கழுத்தும்தான் நெரிபடும். எல்லா உடைக்கும் மேலே வருவது ஜாக்கெட்தான். அதன் மேல் தூண்டில் பை, கேமரா வார், இருகண் நோக்கி எதையும் மாட்டாதீர்கள். காலை மூன்று சட்டை, மதியம் ஒரு சட்டை என்றால் இரண்டு முறையும் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். முன்பட்டைக்கும் மார்புக்கும் இடையே ஒரு முஷ்டி நுழையலாம், அதற்கு மேல் தளர்வு கூடாது.

கவட்டுப் பட்டையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொடைகளுக்கு இடையே வந்து முன்னால் மாட்டும் அந்தப் பட்டையைப் பலர் முதல் நாளே கழற்றி வீட்டில் போட்டுவிடுகிறார்கள். அசௌகரியம், பார்க்கவும் நன்றாக இல்லை. ஆனால் 150 நியூட்டன் என்பது 15 கிலோ மேல்நோக்கிய இழுப்பு. அந்த இழுப்பு உங்களை மேலே கொண்டுவரும் முன் ஜாக்கெட்டைத் தலைக்கு மேலே தூக்கிவிடும். பட்டை இல்லாமல் நான் சோதித்தபோது ஜாக்கெட் காதுவரை ஏறி, வாய் நீர்மட்டத்திலேயே கிடந்தது. இரண்டு கையாலும் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பட்டையை மாட்டியபின் அதே ஜாக்கெட் முற்றிலும் வேறொன்றாக நடந்துகொண்டது. ஃபோம் ஜாக்கெட்டுக்குக் கரையிலேயே சோதனை உண்டு: பின்னால் ஒருவர் நின்று தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கட்டும். முகவாயையோ காதையோ தாண்டி ஏறினால் அளவு பெரிது, அல்லது பட்டை தளர்வு.

நிறம் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று விடாதீர்கள். மீனவர்களுக்கென்று ஆலிவ், உருமறைப்பு நிறங்களில் விற்கிறார்கள். மீன் உங்கள் ஜாக்கெட்டைப் பார்த்து ஓடுவதில்லை. தேடி வருபவர் கண்ணுக்கு ஆரஞ்சும் மஞ்சளும் படும். வாயு வகையில் மடிப்புக்குள் இருக்கும் பை பெரும்பாலும் பளிச்சென்ற நிறத்தில்தான் வரும். விசில், ஒளி மீளும் பட்டை, நீரில் தானாக எரியும் சிறு விளக்கு ஆகியவை இருக்கட்டும். ஆளில்லாத பெரிய நீர்நிலை என்றால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் தனிநபர் அவசரக் கருவி ஒன்றை ஜாக்கெட்டிலேயே கட்டுங்கள். படகுப் பெட்டியில் இருக்கும் கருவி படகோடு போய்விடும். நீங்கள் விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடும் கயிறும் எஞ்சின் ஓடும்வரை உங்கள் உடலில் மாட்டியிருக்கட்டும்.

விழுந்துவிட்டால் முதல் ஒரு நிமிடம் நீந்தாதீர்கள். ஜாக்கெட்டை நம்பிச் சாய்ந்து, மூச்சு அடங்கும்வரை காத்திருங்கள். அடங்கியபின் விரல்கள் வேலை செய்யும் அந்தப் பத்து நிமிடத்தைப் படகில் ஏறுவதற்குச் செலவிடுங்கள். கவிழ்ந்த படகின் மேல் பாதி உடல் ஏறினாலும் லாபம்தான், நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். இதற்கு ஓர் ஏணியோ, முடிச்சுப் போட்ட கயிற்று வளையமோ நீரிலிருந்து எட்டும்படி தயாராக இருக்க வேண்டும். உப்பிய ஜாக்கெட்டோடு, நனைந்த உடையோடு, படகின் பக்கவாட்டில் கையால் உந்தி ஏற முயன்றால் நெஞ்சில் இருக்கும் பையே முட்டுக்கட்டையாகும். ஏற வழியே இல்லையென்றால் முழங்காலை மார்போடு சேர்த்து, கைகளால் கட்டிக்கொண்டு அசையாமல் மிதங்கள். இரண்டு பேர் என்றால் நெருங்கி அணைத்துக்கொள்ளுங்கள்.

வாயு ஜாக்கெட்டைப் பராமரிக்கச் சிறிது நேரம் போதும். ஒவ்வொரு முறையும் அணியுமுன், தூண்டும் அமைப்பு தயாராக இருப்பதைக் காட்டும் பச்சைக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். சிலிண்டரைக் கையால் திருகி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், அது அதிர்வில் தானாகத் தளரும். பருவம் தொடங்குமுன் வாய்க்குழாயால் ஊதி ஓர் இரவு முழுவதும் வைத்திருங்கள். காலையில் தளர்ந்திருந்தால் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் தூண்டில் முள்ளின் வேலையாகவே இருக்கும். சிலிண்டரைக் கழற்றிச் சமையலறைத் தராசில் நிறுத்து, அதன் மேல் பொறித்த மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். கரையும் மாத்திரையிலும் அழுத்தத் தூண்டியிலும் காலாவதி தேதி இருக்கும், தவறாமல் மாற்றுங்கள். நனைந்த ஜாக்கெட்டைக் காரின் பின்பெட்டியில் சுருட்டி வைக்காமல் தொங்கவிட்டு உலர்த்துங்கள்.

மாற்றுச் சிலிண்டரும் தூண்டியும் அடங்கிய தொகுப்பு ஒன்றைத் தூண்டில் பெட்டியிலேயே வைத்திருங்கள். ஒருமுறை உப்பிய ஜாக்கெட் அன்றைக்கு வெறும் துணிப்பைதான். வாங்கும்போது உங்கள் ஜாக்கெட்டின் மாதிரி எண்ணைச் சொல்லி வாங்குங்கள்: 150 நியூட்டனுக்குப் பொதுவாக 33 கிராம் சிலிண்டர், 275-க்கு 60 கிராம், திருகுமறை பொருந்திவிட்டதே என்று வேறு எடையை மாட்டிவிடக் கூடாது. பழைய சிலிண்டருக்கு ஆயுள் முடியும்போது அதைச் சும்மா எறியாமல், ஜாக்கெட்டை அணிந்து, நண்பரையும் கூட்டிக்கொண்டு, ஆழமில்லாத நீரில் இறங்குங்கள். உப்பும் சத்தம் எப்படி இருக்கும், கழுத்தை எப்படிப் பிடிக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.